மலைச் சைக்கிள்: மனு முதல் பஞ்சர் வரை, வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு

சைக்கிள் வாங்கி ஐந்து மாதம் அது எங்கள் மாடிப்படிக்குக் கீழேதான் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியும், மலையும் கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் காட்டுப் பாதைக்கு அனுமதி கேட்கும் மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்தேன், ரயிலில் சைக்கிளைத் தவறான முறையில் பதிவு செய்தேன், கடைசியில் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்க முடியாத வால்வோடு மலையடிவாரத்தில் நின்றேன். யாராவது முன்பே சொல்லியிருந்தால் இத்தனை நாள் வீணாகியிருக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் இருந்துகொண்டு ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ மண் பாதையில் ஓட்ட நினைப்பவர்களுக்கான கட்டுரை இது. பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

1. பாதை யாருடையது என்று முதலில் பாருங்கள்

எல்லோரும் சைக்கிளில் தொடங்குகிறார்கள். பாதையில் தொடங்குங்கள். மலையில் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற ஒற்றையடிப் பாதை மூன்று விதமான நிலத்தில் போகும்: காப்புக்காடு, பட்டா நிலம், புறம்போக்கு.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 'ஊர்க்காரர்கள் போகிறார்களே' என்று வாதாட வேண்டாம். மலைவாழ் மக்களுக்கு அந்தக் காட்டில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டோடு வருகிற நமக்கு அந்த உரிமை கிடையாது.

பட்டா நிலம் என்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஏலகிரியில் விடுதிகளும் தோட்டங்களும் பெருகிவிட்டதால் மூன்று வருஷத்துக்கு முன் திறந்து கிடந்த பாதையில் இப்போது கம்பி வேலி இருக்கலாம். மூன்றாவது புறம்போக்கு: ஊரிலிருந்து ஊருக்குப் போகும் வண்டிப்பாதை, ஏரிக்கரை, பஞ்சாயத்து மண் சாலை ஆகியவைதான் புதியவர்களுக்கு ஏற்றவை. முதல் ஆறு மாதத்துக்கு இவை போதும்.

எப்படித் தெரிந்துகொள்வது? கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். காலை வேளையில் போய், எந்தப் பாதை என்று கைபேசியில் காட்டிக் கேளுங்கள். சர்வே எண் கிடைத்துவிட்டால் அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் அ-பதிவேட்டைப் பார்த்து அது புறம்போக்கா, தனியார் நிலமா என்று நீங்களே சரிபார்க்கலாம், செலவில்லை. நேரில் போனால் எல்லைக் கல்லும் வனத்துறைப் பலகையும் கண்ணில் படும். பலகை விழுந்து கிடக்கிறது என்பதால் அது காப்புக்காடு இல்லை என்று ஆகிவிடாது.

பொறி ஒன்று: கைபேசி வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் பாதை தெரியும். அது யாரோ ஒருவர் எப்போதோ நடந்த தடம், அவ்வளவுதான். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. காட்டுப் பாதைதான் வேண்டும் என்றால், மனு

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஜவ்வாது மலையோ வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களிலும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. நான் போக நினைத்த பாதை ஒரு வனக் கோட்டத்தில் தொடங்கி இன்னொரு கோட்டத்தில் முடிந்தது. மனுவை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். பிறகு "இது எங்க எல்லை இல்லையே சார்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நான்தான் கேட்காமல் கொடுத்தேன்.

ஆகவே மனு எழுதும் முன் அடிவாரத்தில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ சோதனைச் சாவடிக்கோ நேரில் போங்கள். வனக் காப்பாளரிடம் பாதையைக் காட்டி, "எந்தச் சரகம், எந்தக் கோட்டம்?" என்று கேளுங்கள். இரண்டே நிமிஷத்தில் பதில் வந்துவிடும். அவர் சொல்லும் கோட்டத்தின் மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதி, நகலைச் சரகருக்குப் போடுங்கள்.

மனுவில் இருக்க வேண்டியவை: நாள், புறப்படும் நேரம், திரும்பும் நேரம், பாதையின் தொடக்கமும் முடிவும், எத்தனை பேர், எல்லோருடைய பெயர், வயது, கைபேசி எண், இரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர். இணைப்பாக ஆதார் நகல், ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ. 'சைக்கிளில்' என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நடைபயணம் என்று அனுமதி வாங்கிவிட்டுச் சைக்கிளோடு போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். நெருப்பு மூட்ட மாட்டோம், பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவருவோம், இரவு தங்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான். நேரில் போக முடியாவிட்டால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கொடுங்கள். கட்டணம் ஏதாவது உண்டென்றால் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். வழியில் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள்.

பதில் 'இல்லை' என்றும் வரலாம். குறிப்பாக மாசி பிறந்து மழை வரும்வரை காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்த பிறகு இந்த விஷயத்தில் வனத்துறை இறங்கி வருவதில்லை. அந்த மாதங்களில் மனு போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லையோரக் காடுகளை இந்தத் திட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஆந்திரப் பக்கத்துக் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் வரும் வழி அது.

3. சைக்கிள்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்

பெரிய கடைகளில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு 'மவுண்டன் பைக்' என்று ஒட்டி, முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த வண்டிகள் நிற்கும். தொடாதீர்கள். அந்தப் பின் ஸ்பிரிங் எடையைத்தான் கூட்டும். ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கிற மிதியில் பாதியை அதுவே விழுங்கிவிடும். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள அலுமினியச் சட்ட வண்டி, இருபதாயிரத்திலிருந்து முப்பத்தைந்தாயிரத்துக்குள், முதல் சைக்கிளுக்கு இதுதான் சரி. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைச் சீட்டு ஒட்டிய சரக்கு இன்னும் கடையில் இருந்தால், பில்லில் எந்த விகிதம் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை. முன் பல்சக்கரத்தில் சிறியதன் பல்லை எண்ணுங்கள், பின்னால் பெரியதன் பல்லை எண்ணுங்கள். முன்னது பின்னதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். முன் 22, பின் 34 என்றால் ஏலகிரி ஏற்றத்தை உட்கார்ந்தே ஏறலாம். எத்தனை கியர் என்று விற்பனையாளர் சொல்லும் எண்ணிக்கையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அடுத்து, சட்டத்துக்கு மேல் கால் அகட்டி நின்றால் இரண்டு அங்குல இடைவெளி இருக்க வேண்டும். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று பெரிய அளவைத் தலையில் கட்டுவார்கள். முப்பது வயதில் இனி எங்கே வளர்வது?

பிரேக் டிஸ்க்காக இருக்கட்டும். எண்ணெய் பிரேக் நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் நம் பக்கத்தில் அதில் காற்று புகுந்தால் எடுத்துத் தரும் ஆட்கள் குறைவு. கேபிள் டிஸ்க் என்றால் எந்தச் சைக்கிள் கடையிலும் கேபிள் கிடைக்கும், நாமே மாட்டிக்கொள்ளலாம். முதல் வண்டிக்கு என் ஓட்டு கேபிளுக்கு.

இப்போது வால்வு கதை. மலைச் சைக்கிள் டியூபில் இரண்டு வகை வால்வு வரும். ஒன்று கார், பைக்கில் இருக்கும் தடித்த வால்வு. இன்னொன்று பென்சில் முனைபோல் ஒல்லியானது, தலையில் குட்டி மரை இருக்கும், பிரெஸ்டா என்பார்கள். என் வண்டியில் இருந்தது ஒல்லி. பொன்னேரியில் பஞ்சர் கடைப் பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, ஊசியா?" என்றார். அவருடைய கம்ப்ரசர் வாய் அதில் உட்காரவே இல்லை. ஐம்பது ரூபாய்க்குள் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கும். இரண்டு வாங்கி, ஒன்றை வால்விலேயே மாட்டி வையுங்கள்.

அடுத்த பொறி, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். விரல் நீளம்கூட இல்லாத அலுமினியத் துண்டு. கல்லில் இடித்தால் சட்டம் உடையாமல் இது வளைய வேண்டும் என்றே மெல்லியதாகச் செய்திருப்பார்கள். வளைந்தால் கியர் விழாது, உடைந்தால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் இது வேறு வேறு வடிவம், பிறகு தேடினால் கிடைக்காது. சைக்கிள் வாங்கும் அன்றே அதே கடையில் இன்னொன்று கேட்டு வாங்குங்கள். இருப்பு இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பில்லில் சட்ட எண் இருக்கிறதா என்று பாருங்கள். மிதிகட்டை அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். ரயில் பதிவுக்கும், திருடு போனால் காவல் நிலையத்துக்கும் இதுதான் உங்கள் ஆதாரம்.

4. மற்ற சாமான்கள்

ஹெல்மெட் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முழு விரல் கையுறை. ஒரு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, கைப் பம்பு, டயர் நெம்பு, ஆலன் சாவிக் கொத்து. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கால்சட்டை எதுவாக இருந்தாலும் சரி, வேட்டி மட்டும் வேண்டாம்.

டயர் காற்று பற்றி ஒன்று. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவுக்கு அடித்தால் கல்லில் பந்துபோல் துள்ளும். இரண்டே கால் அங்குல டயரில், டியூபோடு, 30 முதல் 35 பிஎஸ்ஐ வைத்துப் பாருங்கள். அதற்கும் கீழே இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். நம் ஊர் முள்ளைச் சொல்லவே வேண்டாம். சீமைக் கருவேலம் பைக் டயரையே குத்தும்.

5. ஒரு மாதம் ஏரிக்கரை

மலைக்கு முன் ஏரி. ஓட்டேரியோ கழிஞ்சூர் ஏரியோ, உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் கரை. கரை மேல் ஓடுவது எளிது. கரைச் சரிவில் ஏறி இறங்குவதுதான் பாடம். முதலில் இருக்கையை இறக்கி வையுங்கள். இறங்கும்போது மிதிகட்டை இரண்டும் தரைக்குச் சமமாக, பின்பாகம் இருக்கைக்குப் பின்னால், கை மடங்கி, பார்வை சக்கரத்துக்கு முன்னால் நான்கு, ஐந்து கெஜம் தள்ளி. குழியைப் பார்த்தால் குழிக்குள்தான் போவீர்கள்.

பாலாற்று மணலில் ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பத்தடிக்கு மேல் போகாது. அனுபவத்துக்காக ஒரு தடவை விழுந்துவிட்டு வாருங்கள்.

இந்த மாதத்திலேயே வீட்டு வாசலில் உட்கார்ந்து டியூபைக் கழற்றி மாட்டப் பழகுங்கள். முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது தடவை பன்னிரண்டு நிமிஷம்.

6. மலையடிவாரம் வரை

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போகலாம். ஜோலார்பேட்டையிலிருந்து பொன்னேரி வந்து ஏறுவது வழக்கமான வழி. சைக்கிளை இரண்டு விதமாக ரயிலில் அனுப்பலாம். டிக்கெட்டைக் காட்டி 'லக்கேஜ்' என்று பதிந்தால் நீங்கள் போகும் வண்டியிலேயே வரும். 'பார்சல்' என்று பதிந்தால் இடம் இருக்கும் வண்டியில் வரும், அது இன்றும் இருக்கலாம், நாளையும் இருக்கலாம். நான் பார்சல் என்று எழுதிக் கொடுத்தேன். நான் ஜோலார்பேட்டையில் இறங்கினேன், சைக்கிள் மறுநாள் இறங்கியது.

பதிவுக்கு டிக்கெட், அடையாள அட்டை நகல், சைக்கிள் பில் நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். சாமான் பெட்டி உள்ள வண்டியா, அது அங்கே ஏற்ற இறக்க நேரம் கொடுக்குமா என்று பார்சல் ஆபீசில் முந்தின நாளே கேளுங்கள். சக்கரத்தின் பக்கவாட்டு டிஸ்க் தகட்டுக்கு அட்டை வைத்துக் கட்டி, மொத்தத்தையும் சாக்கால் சுற்றுங்கள். அந்தத் தகடு சற்று வளைந்தாலும் வழியெல்லாம் கிரீச் கிரீச் என்று கத்தும்.

நான்கைந்து பேர் என்றால் குட்டி யானை பேசிவிடுவது நிம்மதி. எங்களுக்கு வேலூரிலிருந்து போய்வரத் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனது. சாமான் வண்டியில் ஆட்கள் ஏறக் கூடாது, போலீஸ் நிறுத்தினால் அபராதம். சைக்கிள் அதில் போகட்டும், நீங்கள் ரயிலில் போங்கள்.

7. ஏலகிரியில் முதல் நாள்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர், பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். விடிந்தவுடன் தொடங்கினால் வெயிலும் சுற்றுலா வண்டிகளும் வருவதற்குள் மேலே போய்விடலாம். வளைவின் உட்பக்கம் செங்குத்தாக இருக்கும், நடுவில் எடுங்கள், பஸ் சத்தம் கேட்டால் ஓரத்தில் இறங்கி நில்லுங்கள். பாரி பெயர் வைத்த வளைவில் நான் மூச்சு வாங்கி நின்றேன். தேர் கிடைத்திருந்தால் முல்லைக்கு விடாமல் நானே ஏறியிருப்பேன்.

மேலே அத்தனாவூரில் டீ குடித்துவிட்டு, நிலாவூர்ப் பக்கம் ஊர்ச் சாலைகளில் சுற்றுங்கள். ஏற்ற இறக்கம் மிதமாக இருக்கும், தொலைந்து போகவும் வழியில்லை. சுவாமிமலை உச்சிக்கு மங்கலம் ஊரிலிருந்து பாதை போகிறது. அது நடக்கிறவர்களின் பாதை. படிபோல் பாறை, குடும்பம் குடும்பமாக ஆட்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி யாருக்கும் இடைஞ்சல் தர வேண்டாம்.

எதிரில் விறகுச் சுமையோடு ஆள் வந்தால் இறங்கி வழி விடுங்கள். ஆடு, மாடு என்றால் மேய்ப்பவர் சொல்லும்வரை நில்லுங்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். சாமை காயப்போட்ட களத்தின் மேல் சக்கரம் படக் கூடாது. வயல் ஓரத்தில் தாழ்வாக ஒற்றைக் கம்பி ஓடினால் தொடவே வேண்டாம். பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் விட்டிருக்கலாம். கரடி நடமாட்டம் உள்ள மலைகள் இவை. விடியும் முன்னும் இருட்டிய பின்னும் பாதையில் இருக்காதீர்கள்.

8. இறங்குவது

ஏறும்போது யாருக்கும் பெரிதாக அடிபடுவதில்லை. பிரேக்கை அமுக்கிப் பிடித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். எங்களோடு வந்த தம்பி ஒருவன், டிஸ்க் சூடாகிவிட்டது என்று பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான். சுர்ரென்று ஆவி கிளம்பியது. தகடு கோணிக்கொண்டது. மீதி வளைவுகளைத் தள்ளிக்கொண்டே இறங்கினான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் பாதை சோப்புப் போட்டதுபோல் இருக்கும். மார்கழி, தை இரண்டும்தான் நமக்கு. சித்திரையில் வேலூர் வெயிலில் ஏரிக்கரைக்கே போக முடியாது.

9. அடிபட்டால்

டிடி ஊசி போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வங்கிக் கணக்கு இருந்தால் வருஷம் 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா எடுக்கலாம், 18 முதல் 70 வயது வரை. விபத்தில் உயிர் போனாலோ ஊனமானாலோ இரண்டு லட்சம் வரை கிடைக்கும். கை முறிந்தால் மருத்துவமனைச் செலவை அது தராது. அதற்கு மருத்துவக் காப்பீடு தனியாக வேண்டும், சாகச விளையாட்டை விலக்கியிருக்கிறதா என்று பாலிசியில் படியுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து 108. ஏலகிரிப் பக்கம் என்றால் திருப்பத்தூர் அரசு மருத்துவமனை, ஜவ்வாது மலையின் அமிர்திப் பக்கம் என்றால் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. அதனால் ஒரு தாளில் பாதை, திரும்பும் நேரம், சரக அலுவலக எண், கூட வருபவர்கள் எண் எல்லாம் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். திரும்பியதும் முதல் வேலையாக வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். போன தடவை நான் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வண்டியிலேயே தூங்கிப்போனேன். ஆறு மணி அடித்ததும் என் மாமியார் தாளைப் பார்த்து வனவருக்குப் போன் போட்டுவிட்டார்.